ஜான் டோஷாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரத் பேலைத் தெரியாத கால்பந்து ரசிகர் இருக்க மாட்டார். பேலைப் பதினாறு வயதில் வேல்ஸ் அணிக்கு ஆடவைத்தவர் யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். அவர்தான் ஜான் டோஷாக். அவரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

யார் இந்த டோஷாக்?

வேல்ஸ் நாட்டுக் கால்பந்து வீரர், அப்புறம் மேனேஜர். 1949 மார்ச் 22 அன்று கார்டிஃப் நகரத்தில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்துக்காரர். நல்ல உயரம், உறுதியான உடல்வாகு. உயரே வரும் பந்தைத் தலையால் முட்டுவதில் அவர் காலத்தில் அவருக்கு இணையாகச் சிலரைத்தான் சொல்ல முடியும். வீரராக லிவர்பூலில் பெயர் வாங்கினார். மேனேஜராக வேல்ஸ், போர்ச்சுகல், ஸ்பெயின், துருக்கி, பிரான்ஸ், இத்தாலி, மொராக்கோ, ஈரான் என்று சுற்றாத ஊர் இல்லை.

பிரிட்டனில் மேனேஜர் என்றால் நாம் நினைக்கிற கோச் மட்டும் அல்ல. யாரை வாங்குவது, யாரை விற்பது, யார் ஆடுவது எல்லாமே பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும். டோஷாக்கின் கதையைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வயதில் ஆட வந்தார்?

16 வயது, 236 நாள். 1965 நவம்பரில் கார்டிஃப் சிட்டிக்காக லெய்ட்டன் ஓரியண்ட் அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அந்த கிளப்புக்கு ஆடியவர்களில் மிக இளையவர் என்ற பெயர் 2007 வரை அவரிடமே இருந்தது. அதை முறியடித்தவர் ஆரன் ராம்ஸி. அடுத்த ஆண்டே அதே ராம்ஸியை வேல்ஸ் தேசிய அணியில் முதன்முதலாக இறக்கியதும் டோஷாக்தான். யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை, ஆனாலும் இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

கார்டிஃபுக்காக 162 லீக் ஆட்டங்களில் 74 கோல் அடித்தார். 1970 நவம்பரில் லிவர்பூல் 1,10,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது.

லிவர்பூலில் சாதித்தாரா?

சாதித்தார். 247 ஆட்டங்களில் 96 கோல். லீக் பட்டம் மூன்று முறை (1973, 1976, 1977), எஃப்.ஏ. கோப்பை ஒரு முறை (1974), ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பை இரண்டு முறை (1973, 1976). லிவர்பூல் ரசிகர்கள் மனத்தில் அவர் இடம்பிடித்தது வந்த மாதமே. பக்கத்து வீட்டுப் பகையாளி எவர்டனுக்கு எதிரான ஆட்டம். லிவர்பூல் 0-2 என்று பின்தங்கிக் கிடந்தது. ஸ்டீவ் ஹைவே ஒன்று அடிக்க, டோஷாக் தலையால் முட்டிச் சமன் செய்ய, கிறிஸ் லாலர் வெற்றி கோலை அடித்தார். 3-2. லிவர்பூலுக்கான தன் முதல் கோலை இப்படி ஓர் ஆட்டத்தில் அடித்தவனை ஊர் மறக்குமா?

ஆனால் அங்கே அவருக்கு எப்போதும் நிம்மதி இருந்தது என்று சொல்ல முடியாது. தொடைக் காயம் விடாமல் தொந்தரவு செய்தது. 1974-இல் லெஸ்டர் சிட்டிக்கு விற்கப்படவே இருந்தார். மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் திரும்பி வந்தார். வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் ஒன்றரை ஆண்டில் என்ன செய்தார் என்று பாருங்கள்: 1976 யூஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதியில், பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில், உலகப் புகழ்பெற்ற யோஹான் கிரைஃப் ஆடிய அணிக்கு எதிராக, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். சொந்த அணி தோற்ற கோபத்தில் பார்சிலோனா ரசிகர்கள் உட்கார்ந்திருந்த மெத்தைகளை மைதானத்துக்குள் வீசினார்கள். அந்த ஆண்டு லீக் பட்டத்தை உறுதி செய்த உல்வ்ஸ் ஆட்டத்திலும் அவர் கோல் உண்டு.

லிவர்பூல் சக வீரர் கெவின் கீகனுக்கும் அவருக்கும் மனத்தால் பேசிக்கொள்ளும் சக்தி இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதைச் சோதித்தே பார்த்தது. ஒருவர் கையில் அட்டை, அதில் என்ன இருக்கிறது என்று மற்றவர் சொல்ல வேண்டும். டோஷாக் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். கேமரா லென்ஸில் அட்டையின் பிரதிபலிப்பு தெரிந்ததை அவரே பின்னாளில் சொல்லிவிட்டார்.

மைதானத்தில் நடந்ததற்கு மந்திரம் தேவையில்லை. உயரமான டோஷாக் பந்தைத் தலையால் தட்டிவிடுவார். அது எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்துக் குட்டையான கீகன் அங்கே ஓடியிருப்பார். தினசரிப் பயிற்சியில் வந்த புரிதல் அது.

இதற்கு நல்ல சாட்சி 1973 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் பொருசியா மொன்ஷன்கிளாட்பாக். அப்போது இறுதி இரண்டு ஆட்டங்களாக நடக்கும். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் முதல் நாள் டோஷாக்குக்குத் தொடக்க அணியில் இடம் இல்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மழை கொட்டித் தீர்த்து ஆட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மேனேஜர் பில் ஷாங்க்லி ஒன்றைக் கவனித்துவிட்டார்: ஜெர்மானியத் தடுப்பு வரிசை உயரே வரும் பந்தில் தடுமாறுகிறது. மறுநாள் ஆட்டம் புதிதாகத் தொடங்கியபோது டோஷாக் உள்ளே இருந்தார். அவர் தலையால் இறக்கிக் கொடுத்த பந்துகளில் கீகன் இரண்டு கோல் அடித்தார். லிவர்பூல் 3-0. ஜெர்மனியில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் கோப்பை லிவர்பூலுக்கு வந்தது. அந்த மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால்?

ஸ்வான்சி கதையை ஏன் எல்லாரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

பேச வேண்டிய கதை என்பதால்தான். என்னைக் கேட்டால் டோஷாக் செய்ததிலேயே பெரிய காரியம் அது. ரியல் மாட்ரிட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்வான்சி வேல்ஸின் தென்கடலோர ஊர். கார்டிஃபுக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. வேல்ஸில் இருந்தாலும் இரண்டு ஊர் கிளப்புகளும் இங்கிலாந்து லீக்கில்தான் ஆடுகின்றன. அப்போது அந்த லீக்கில் நான்கு டிவிஷன்; ஸ்வான்சி கடைசிப் படியான நான்காம் டிவிஷனில் கிடந்தது. 1978 மார்ச்சில் கார்டிஃப் பையன் ஒருவன் பிளேயர்-மேனேஜராக, அதாவது ஆடிக்கொண்டே அணியையும் நடத்துபவனாக, அங்கே வந்து இறங்குகிறான். வயது 28. லீக்கிலேயே இளைய மேனேஜர்.

அந்த சீசன் முடிவிலேயே மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். மறு ஆண்டு இரண்டாம் டிவிஷன். அந்த ஏற்றத்தை முடிவு செய்த செஸ்டர்ஃபீல்ட் ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, மேனேஜரே மாற்று வீரராக இறங்கித் தலையால் முட்டி வெற்றி கோலை அடித்தார். அடுத்து ஓர் ஆண்டு நிதானம். 1981 மே மாதம் பிரெஸ்டனில் 3-1 என்று ஜெயித்து முதல் டிவிஷனுக்கே போய்விட்டார்கள். கடைசிப் படியிலிருந்து உச்சிப் படிக்கு நான்கே சீசன்.

அங்கே போய்த் தலைகுனிந்து நின்றார்களா? இல்லை. 1981 ஆகஸ்ட் 29, சொந்த வெட்ச் ஃபீல்ட் மைதானத்தில் முதல் டிவிஷனின் முதல் ஆட்டம், எதிரணி லீட்ஸ். இடைவேளை முடிந்து வந்த பத்து நிமிடத்துக்குள் புதிதாக வாங்கிய பாப் லாட்ச்ஃபோர்ட் மூன்று கோல் அடித்தார். ஐந்தாவது கோல் கிளப்பிலேயே வளர்ந்த ஆலன் கர்ட்டிஸுடையது. பந்தோடு ஓடிவந்து, தடுப்பு வீரரை ஏமாற்றி உள்ளே வெட்டி, மேல்மூலையில் அறைந்தார் பாருங்கள், லீட்ஸ் கோல்கீப்பர் என்ன செய்ய முடியும்? அந்த கர்ட்டிஸ் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஸ்வான்சியைவிட்டு அதே லீட்ஸுக்குப் போய்ச் சோபிக்காமல் திரும்பி வந்தவர். முடிவு 5-1. அந்த சீசனில் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், டாட்டன்ஹாம் எல்லாரையும் தோற்கடித்தார்கள். பலமுறை பட்டியலில் முதலிடத்திலும் இருந்தார்கள். கடைசியில் ஆறாம் இடம்.

எல்லாப் புகழும் டோஷாக்குக்குத்தானா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி.

டோஷாக் வருவதற்கு முன் ஸ்வான்சியின் மேனேஜராக இருந்தவர் ஹாரி கிரிஃபித்ஸ். ஊர்க்காரர். வீரராகவும் அங்கேயே ஆடியவர். கர்ட்டிஸ், ஜெரமி சார்ல்ஸ், ராபி ஜேம்ஸ் போன்ற பையன்களை வளர்த்தது அவர்தான். டோஷாக் வந்ததும் மேனேஜர் பதவியைவிட்டு இறங்கி உதவியாளராக நின்றார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? 1978 ஏப்ரல் 25 அன்று ஸ்கன்தோர்ப்புக்கு எதிரான ஆட்டத்துக்குச் சற்று முன், வெட்ச் ஃபீல்ட் மைதானத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். அன்றும் அணி ஆடியது. சில நாளில் மேல் டிவிஷனுக்கு ஏற்றம் உறுதியானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஹாரி விதைத்ததை டோஷாக் அறுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் அணி பற்றிய கேள்வியில் திரும்ப வருவேன்.

ஷாங்க்லிக்கு அஞ்சலி செலுத்தியபோது என்ன சர்ச்சை?

பில் ஷாங்க்லி 1981 செப்டம்பர் 29 அன்று காலமானார். நான்கு நாள் கழித்து ஆன்ஃபீல்டில் ஆட்டம். வந்த அணி எது? டோஷாக்கின் ஸ்வான்சி. இரு அணிகளும் மௌன அஞ்சலிக்கு வரிசையில் நின்றபோது டோஷாக் தன் மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளே லிவர்பூலின் சிவப்புச் சட்டை. எதிரணி மேனேஜர் தங்கள் அணிச் சட்டையில் தலைகுனிந்து நிற்பதை லிவர்பூல்காரர்கள் பார்த்தார்கள்.

ஸ்வான்சி ரசிகர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மேனேஜர் அவர்கள் சட்டையை அணிவதா என்று வருத்தம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தன்னை வாங்கி ஆளாக்கிய மனிதனுக்குச் செய்யும் கடைசி மரியாதையில் கட்சி பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன். அன்றைய ஆட்டத்தில் அவர் அணி ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. 2-0 என்று முன்னிலை பெற்று, 2-2 என்று சமனில் முடித்தது.

அப்புறம் ஸ்வான்சி ஏன் சரிந்தது?

பணம். ஏறிய வேகத்தில் செலவும் ஏறியது, கடனும் ஏறியது. காயங்களும் சேர்ந்துகொண்டன. 1983-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த அக்டோபரில் டோஷாக் விலகி, டிசம்பரில் திரும்பி வந்து, 1984 மார்ச்சில் நீக்கப்பட்டார். 1986-இல் கிளப் மறுபடியும் நான்காம் டிவிஷனுக்கே போய்விட்டது. வீரர்களை வாங்கியதில் டோஷாக்குக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது.

ஸ்பெயினுக்கு எப்படிப் போனார்?

போர்ச்சுகல் வழியாக. 1984-85-இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஒரு சீசன், லீக்கில் இரண்டாம் இடம். 1985-இல் ரியல் சோசியதாத் அழைத்தது. சான் செபஸ்தியான் நகரத்து அணி. அப்போது வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் மண்ணின் பிள்ளைகளை மட்டுமே ஆடவைக்கும் கொள்கை அதற்கு. வெளியூர் வீரனுக்கே இடமில்லாத அணிக்கு ஒரு வேல்ஸ்காரர் மேனேஜர்!

சின்ன ஊர், பெரிய தன்மானம், உள்ளூர்ப் பையன்கள் என்று சோசியதாத் அவருக்கு இன்னொரு ஸ்வான்சி. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். ஆங்கிலச் சொலவடைகளை அப்படியே ஸ்பானிஷில் பெயர்த்துப் பத்திரிகையாளர்களைத் திகைக்கவைப்பார். அங்கே அவரை ஜான் பெஞ்சமின் என்றே கூப்பிட்டார்கள். 1987-இல் சராகோசாவில் நடந்த ஸ்பெயின் மன்னர் கோப்பை இறுதி ஆட்டத்தில் அத்லெதிகோ மாட்ரிட்டுடன் 2-2 என்று சமன் செய்து, பெனால்டியில் வென்றார்கள். அதற்குப் பிறகு அந்த கிளப் மறுபடி அந்தக் கோப்பையைத் தொட 34 ஆண்டு ஆனது. 1988-இல் லீக்கில் இரண்டாம் இடம். அந்த ஆண்டு கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 4-0 என்று அடித்தார்கள். மாட்ரிட் அவரைத் தேடி வந்ததில் ஆச்சரியம் உண்டா?

சோசியதாத்துக்கு அவர் மூன்று முறை மேனேஜராக இருந்தார்: 1985-89, 1991-94, 2001-02. மூன்றாம் முறை வந்தபோது அணி கீழே இறங்கும் அபாயத்தில் இருந்தது. எய்பார் கிளப்புக்கு இரவல் போயிருந்த 19 வயதுப் பையன் ஒருவனைத் திரும்ப அழைத்து, கேப்டன் பட்டையையும் கையில் கட்டிவிட்டார். அணி பிழைத்தது. அந்தப் பையன் பின்னாளில் ஸ்பெயினின் நட்சத்திரமான சாபி அலோன்சோ.

107 கோல் விவகாரம் என்ன?

1989-90-இல் ரியல் மாட்ரிட்டின் மேனேஜராக லீக் பட்டம் வென்றார். 38 ஆட்டத்தில் 26 வெற்றி, 10 சமன், 2 தோல்வி, 107 கோல். ஸ்பெயின் லீக்கில் ஒரு சீசனில் அவ்வளவு கோலை அதற்கு முன் யாரும் அடித்ததில்லை. 2011-12-இல் ஜோசே மொரின்ஹோவின் மாட்ரிட் 121 கோல் அடிக்கும்வரை அந்தச் சாதனை நின்றது. அந்த 107-இல் 38 கோல் மெக்சிகோவின் ஊகோ சான்செஸுடையது. பந்தை நிறுத்தாமல், ஒரே தொடுதலில் அடித்த கோல்கள் அவை.

அப்படி ஜெயித்தவரை ஏன் நீக்கினார்கள்? அதுவும் இரண்டு முறை?

முதல் முறை எளிய காரணம். கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் ஏசி மிலானிடம் சீக்கிரமே வெளியேறியிருந்தார். அடுத்த சீசன் தொடக்கம் சரியில்லை. 1990 நவம்பரில் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் முறை வாய். 1999 பிப்ரவரியில் திரும்ப அழைத்தார்கள். நவம்பரில் அணி தடுமாற, தன் வீரர்களையே பத்திரிகையில் குறைசொன்னார். கிளப் தலைவர் லொரென்சோ சான்ஸ் வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார். நான் பின்வாங்குவதைவிட (மாட்ரிட்டின் சொந்த) பெர்னபேவு மைதானத்தின் மேல் பன்றி பறப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்றார் டோஷாக். நாம் குதிரைக்கொம்பு என்று சொல்வதை ஆங்கிலேயர்கள் பன்றி பறப்பது என்பார்கள். வேலை போயிற்று. அவர் இடத்துக்கு வந்த விசென்தே தெல் போஸ்கே அதே சீசனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்த இக்கர் கசியாஸை, அந்த செப்டம்பரில் 18 வயதில் முதன்முதலாக இறக்கியவர் டோஷாக்.

திங்கட்கிழமை பற்றி அவர் சொன்னது என்ன?

ஸ்பெயினில் இன்றும் கோச்சுகள் மேற்கோள் காட்டும் பேச்சு அது. ஆட்டம் தோற்ற மறுநாள், திங்கட்கிழமை, பத்துப் பேரை மாற்றிவிட வேண்டும் என்று தோன்றும். செவ்வாய் வந்தால் ஏழெட்டுப் பேர். வியாழன் நான்கு பேர். வெள்ளி இரண்டு பேர். சனிக்கிழமை வந்தால் அதே பதினொரு பேரைத்தான் இறக்குவேன். அந்தப் பதினொரு பேருக்கு அவர் சேர்த்த அடைமொழியை இங்கே எழுத முடியாது.

வேறு எங்கெல்லாம் மேனேஜராக இருந்தார்?

ஸ்பெயினின் தெபோர்த்திவோ லா கொருன்யா, துருக்கியின் பெசிக்டாஷ் (1998-இல் துருக்கிக் கோப்பை வென்றார்), பிரான்ஸின் சான்-எத்தியென், இத்தாலியின் கத்தானியா, ஸ்பெயினின் முர்சியா, மாசிடோனியா தேசிய அணி, அசர்பைஜானின் கசார் லங்காரான், ஈரானின் டிராக்டர். இவற்றில் நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது மொராக்கோவின் விதாத் காசபிளாங்கா. 2014-இல் போய், 2015-இல் அந்த நாட்டு லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 66.

வேல்ஸ் அணியைவிட்டு 47 நாளில் ஓடிவிட்டாராமே?

1994-இல் நடந்தது. சோசியதாத் வேலையை வைத்துக்கொண்டே வேல்ஸ் பொறுப்பையும் ஏற்றார். ஒரே ஆட்டம், நார்வேயிடம் 1-3 தோல்வி. தனக்கு முன்பிருந்த டெர்ரி யோரத் மேல் பிரியம் வைத்திருந்த ரசிகர்கள் மைதானத்திலேயே கூச்சலிட்டார்கள். விலகிவிட்டார். அவசரப்பட்டார் என்பது என் கருத்து.

2004-10-இல் மறுபடி வேல்ஸ் மேனேஜரானார். அது தோல்விதானே?

பட்டியலை மட்டும் பார்த்தால் ஆம். எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. சொந்த மண்ணில் ஸ்லோவாக்கியாவிடம் 1-5 என்று தோற்ற நாளும் உண்டு. அனுபவசாலிகள் சிலர் விலகினார்கள், சிலரோடு அவருக்கு ஒத்துவரவில்லை. காலி மைதானங்கள், பத்திரிகைகளில் திட்டு. 2010 செப்டம்பரில் மான்டினீக்ரோவிடம் 0-1 தோற்றதும் போய்விட்டார்.

ஆனால் அந்த ஆறு ஆண்டில் அவர் செய்துகொண்டிருந்த வேலை வேறு. 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொண்ட பிரையன் ஃபிளினுடன் சேர்ந்து, மீசை முளைக்காத பையன்களை ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தார். 2006 மே மாதம் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் டிரினிடாட் அணிக்கு எதிராகப் பேல் இறங்கியபோது வயது 16. ஜோ லெட்லி, வெய்ன் ஹென்னஸி, கிறிஸ் கன்டர், ஆஷ்லி வில்லியம்ஸ், சாம் வோக்ஸ், ஆரன் ராம்ஸி, ஜோ ஆலன், நீல் டெய்லர், ஹால் ராப்சன்-கானு எல்லாருக்கும் முதல் சர்வதேச ஆட்டம் அவரிடம்தான். தோற்றுக்கொண்டே கற்றார்கள். அவர்களை அடுத்து வந்த மேனேஜர் கேரி ஸ்பீட் தூக்கி நிறுத்தினார். அவர் 2011-இல் அகாலமாக மறைந்தபின் கிறிஸ் கோல்மன் அழைத்துச் சென்றார்.

2016-இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் வேல்ஸ் அரையிறுதி வரை போனது. 1958 உலகக் கோப்பைக்குப் பிறகு அந்த நாடு ஆடிய முதல் பெரிய போட்டி அது. கோல்மனுக்குக் கிடைத்த பாராட்டு முழுக்க நியாயமானது. ஸ்வான்சியில் ஹாரி கிரிஃபித்ஸ் நின்ற இடத்தில் இந்த முறை டோஷாக் நின்றார், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஜூலை 1 அன்று லில் நகரத்தில் நடந்த காலிறுதியைப் பாருங்கள். பெல்ஜியத்தை 3-1 என்று வென்றார்கள். முதல் கோல் ஆஷ்லி வில்லியம்ஸ், தலையால். இரண்டாவது ராப்சன்-கானு, ஒரே திருப்பத்தில் மூன்று பெல்ஜியர்களைத் திகைக்கவைத்துவிட்டு. மூன்றாவது சாம் வோக்ஸ், அதுவும் தலையால்.